அரிச்சந்திரன் காத்த சத்தியம்... விலை கொடுத்தவள் சந்திரமதி!

வானகரத்துக்கு ராத்திரி என்பது பேருக்குத்தான். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிச் சத்தம் ஓயாது. மொத்த மீன் சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடு பிடித்துவிடும். இங்கே குடியிருக்கும் பல குடும்பங்களுக்குச் சொந்த ஊர் திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துக் கிராமங்கள்தாம். ஊர்த் திருவிழாவுக்கு லீவு கிடைக்காதவர்கள்கூட இப்போது போனிலேயே கூத்துப் பார்த்துவிடுகிறார்கள். யூடியூபில் 'மயான காண்டம்' என்று தேடினால் போதும், விடிய விடிய நடந்த ஆட்டங்கள் மணிக்கணக்கில் வந்து நிற்கும்.

மயான காண்டம், அரிச்சந்திரன் கதையின் உச்சகட்டம். பாம்பு கடித்துச் செத்துப்போன மகனைத் தோளில் சுமந்துகொண்டு நடு ராத்திரியில் சுடுகாட்டுக்கு வருகிறாள் சந்திரமதி. காவலுக்கு நிற்பவன் அவள் கணவன். இருவருக்கும் ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. அந்தக் காட்சியில் அழாத ஊர் கிடையாது.

நாடகம் முடிந்ததும் எல்லோரும் மெச்சுவது அரிச்சந்திரனை. "பொய்யே சொல்லாதவன்" என்பதற்கு இன்றுவரை அவன் பெயர்தான் உதாரணம். "இவரு பெரிய அரிச்சந்திரன்!" என்று கிண்டலுக்குக்கூட அவனையே இழுக்கிறோம். சந்திரமதி பெயரில் அப்படி ஒரு பேச்சுவழக்கு உண்டா? யோசித்துப் பாருங்கள். அந்தச் சத்தியத்துக்குக் கட்டவேண்டிய தொகையைக் கட்டியவள் அவள்தானே!

கடன் அவனுடையது, விற்பனை அவளுடையது

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இந்திரன் சபையில் வசிஷ்டருக்கும் விசுவாமித்திரருக்கும் வாக்குவாதம். 'அரிச்சந்திரனைப் பொய் சொல்ல வைத்துக் காட்டுகிறேன்' என்று சபதம் போடுகிறார் விசுவாமித்திரர். முதலில் நாடு போகிறது. பிறகு, முனிவருக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட பொருள் கடனாக வந்து கழுத்தைப் பிடிக்கிறது. 'அப்படி ஒரு வாக்குக் கொடுக்கவே இல்லை' என்று ஒரு பொய் சொன்னால் எல்லாம் திரும்பி வந்துவிடும். அரிச்சந்திரன் சொல்லவில்லை. கடனை வசூலிக்க முனிவர் அனுப்பிய ஆள் கூடவே நடந்து வந்து நச்சரிக்கிறான். நாடகத்தில் சிரிப்பு மூட்டும் பாத்திரம் அவன்தான்.

காசிக்கு வந்து சேர்கிறார்கள். விற்க இனி என்ன இருக்கிறது? மனைவியும் மகனும் இருக்கிறார்கள். காலகண்டன் என்ற பிராமணர் அவர்களை விலைக்கு வாங்கிக்கொள்கிறார். அந்தப் பணமும் போதாமல், சுடுகாட்டைக் காக்கும் வீரபாகுவிடம் அரிச்சந்திரன் தன்னையே விற்றுக்கொள்கிறான்.

வரிசையைக் கவனியுங்கள். கடன் வாங்கியவன் கணவன். வாக்குக் கொடுத்தவனும் அவன்தான். ஆனால், சந்தையில் முதலில் நின்றவள் மனைவி.

"அவளேதானே 'என்னை விற்றுவிடுங்கள்' என்று சொன்னாள்!" என்று யாராவது கேட்கலாம். உண்மைதான். பெரும்பாலான வடிவங்களில் அந்த யோசனையைச் சொல்பவளே சந்திரமதிதான். அரிச்சந்திரன் துடித்துப்போகிறான், மயங்கி விழுகிறான், ஒப்புக்கொள்ள மறுக்கிறான். கடைசியில் விற்கிறான்.

இந்த நாடகத்தைத் தள்ளி நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். அரிச்சந்திரன் கெட்ட கணவன் கிடையாது. குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தி வீட்டுக்குப் போகவில்லை. மனைவி மேல் உயிரையே வைத்திருக்கிறான். அவ்வளவு நல்லவன் கையிலும் ஓர் அதிகாரம் இருந்தது. தன் பெயரைக் காப்பாற்ற மனைவியை விலைக்குக் கொடுக்கலாம் என்ற அதிகாரம். அதை எங்கிருந்து பெற்றான் என்று நாடகத்தில் ஒருவரும் கேட்பதில்லை. சபையில் இருந்த முனிவர்களும் கேட்கவில்லை, காசித் தெருவில் நின்று வேடிக்கை பார்த்த கூட்டமும் கேட்கவில்லை.

சந்திரமதி மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 'கணவனின் சத்தியத்தைக் கெடுத்தவள்' என்ற பெயர்தான் மிஞ்சியிருக்கும். 'முடியாது' என்று சொல்ல வழியே இல்லாத இடத்தில் சொல்லப்படும் 'சரி'யைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

தாலி மட்டும் தெரிந்தது!

தமிழ் மேடையில் சந்திரமதிக்கு ஒரு விசேஷம் உண்டு. பிறக்கும்போதே கழுத்தில் தாலியோடு பிறந்தவள் அவள். அந்தத் தாலி கணவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

மயான காண்டத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. பிணத்தை எரிக்க வந்தவளிடம் காவல்காரன் முழத்துண்டும் கால் பணமும் வாய்க்கரிசியும் கேட்கிறான். காலகண்டன் வீட்டில் அடிமையாக இருப்பவளிடம் காசு ஏது? "கழுத்தில்தான் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டு வா" என்கிறான் அவன். திடுக்கிட்டுப் போகிறாள். தன் தாலி இவன் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், இவன் யார்?

இருட்டில் மனைவியின் முகம் அவனுக்குத் தெரியவில்லை. அத்தனை நேரம் அழுத அவள் குரலும் தெரியவில்லை. எரிக்கக் கொண்டுவந்த பிள்ளை தன் பிள்ளை என்று தெரியவில்லை. கழுத்தில் கிடந்த தாலி மட்டும் தெரிந்தது. கணவன் மனைவி உறவில் எது கண்ணில் படுகிறது, எது படாமல் போகிறது என்பதை இதைவிடக் கூர்மையாக ஒரு நாடகம் சொல்லிவிட முடியாது.

உண்மை தெரிந்த பிறகாவது அவன் இறங்கி வருகிறானா? இல்லை. எஜமானனுக்குச் சேர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுத்தால் சத்தியம் தவறிவிடும். ஆகவே, காலகண்டனிடம் போய்க் காசு வாங்கி வரச் சொல்கிறான். செத்த பிள்ளையை விட்டுவிட்டு அவள் மறுபடியும் நடக்கிறாள். வழியில் காசி மன்னனின் பிள்ளையைக் கொன்ற பழி அவள் மேல் விழுகிறது. மரண தண்டனை. வெட்ட வேண்டியவனும் அதே கணவன்தான். அவன் வாளை ஓங்க, வாள் மாலையாகி விழ, தெய்வங்கள் வந்து வாழ்த்த... சுபம்.

மாலை விழுந்தது அவள் கழுத்தில். வாழ்த்து போய்ச் சேர்ந்தது அவனிடம்.

ஆண்கள் அழுத அழுகை

இந்தக் கதை நம் வாழ்க்கையோடு எவ்வளவு ஒட்டிப்போனது என்பதற்குச் சுடுகாடே சாட்சி. தமிழ்நாட்டின் பல ஊர்களில் சுடுகாட்டு வாசலில் அரிச்சந்திரனுக்கு ஒரு கல்லோ சின்னக் கோயிலோ இருக்கும். பாடையை அங்கே இறக்கி வைத்து, சடங்கு முடித்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவார்கள். அதே ஊர்களில் 'பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வரக் கூடாது' என்ற கட்டுப்பாடும் உண்டு. நடு ராத்திரியில் தன்னந்தனியாகப் பிள்ளையைச் சுமந்து வந்து, கட்டை அடுக்கி, சிதை மூட்டிய ஒரு பெண்ணின் கதையைச் சொல்லித்தான் அந்த வாசலே அமைந்திருக்கிறது என்பது வேடிக்கையான முரண்.

மேடையிலும் அப்படித்தான். தெருக்கூத்தில் பெண் வேடத்தை ஆண்கள் கட்டுவதே வழக்கம். 1913-ல் தாதாசாகேப் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா', இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம். அதில் ராணியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண். நடிக்கப் பெண்கள் முன்வராததால், உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைப் பிடித்து வேஷம் போட்டார்கள். ஆக, சந்திரமதியின் அழுகையை நெடுங்காலம் ஆண்களே அழுதார்கள்.

அதற்காக இந்த நாடகத்தை மட்டம் தட்டிவிட முடியாது. மயான காண்டத்தில் ஊரை உலுக்குவது சந்திரமதியின் ஒப்பாரிதான். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வது அவளுக்காகத்தான். கதை அவனைப் புகழ்ந்தாலும், பார்ப்பவர் மனசு அவள் பக்கம் சாய்ந்துவிடுகிறது. கூத்துக்காரர்களுக்கும் இது தெரியும்.

கேள்வி கேட்ட ஒருத்தியையும் இதே கூத்து மேடைதான் நமக்குக் காட்டியது. சூதில் வைத்து ஆடப்பட்ட திரௌபதி, 'தருமர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா?' என்று சபையைக் கேட்டாள். தன்னையே தோற்று அடிமையானவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதே அதன் அர்த்தம். சபையில் பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தத் திரௌபதிக்குத்தான் வட தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கோயில் கட்டித் தீமிதித் திருவிழா நடக்கிறது.

நாடகம் பார்த்த ஒரு சிறுவன்

ராஜ்கோட்டில் சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகம் பார்த்தார் மோகன்தாஸ் காந்தி. எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை என்றும், மனசுக்குள்ளேயே பலமுறை நடித்துப் பார்த்ததாகவும் தன் 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கிறார். எல்லோரும் ஏன் அரிச்சந்திரனைப் போல இருக்கக் கூடாது என்ற கேள்வி அவரை விடவே இல்லை.

அதே புத்தகத்தில், தான் எப்படிப்பட்ட கணவனாக இருந்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார். 13 வயதில் கல்யாணம். தன் அனுமதி இல்லாமல் கஸ்தூரிபா வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார். கஸ்தூரிபா அதைச் சட்டை பண்ணவில்லை. கோயிலுக்கும் தோழிகள் வீட்டுக்கும் போக வேண்டிய நேரத்தில் போனார். 1898-ல் டர்பன் வீட்டில், தங்கியிருந்த குமாஸ்தாவின் கழிவுப் பானையை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொட்ட வேண்டும் என்று வற்புறுத்தி, தகராறு முற்றி, மனைவியின் கையைப் பிடித்து வாசல் கேட் வரை இழுத்துக்கொண்டு போனார் காந்தி. வெட்கமே இல்லையா, தாய் தகப்பன் இல்லாத இந்த ஊரில் நான் எங்கே போவேன் என்று கஸ்தூரிபா அழுதபடி கேட்டது பின்னாளில் எழுதும்போதும் அவர் நினைவில் இருந்தது.

மூன்று வருடம் கழித்து இன்னொரு காட்சி. 1901-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கிளம்பும்போது இந்தியர்கள் பரிசுகளைக் குவித்தார்கள். கஸ்தூரிபாவுக்கு என்று தனியாக ஒரு தங்க நெக்லஸ். பொதுச் சேவைக்குக் கிடைத்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று ராத்திரி முழுக்க யோசித்து முடிவெடுத்தார் காந்தி. பிள்ளைகளைப் பேசித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். மனைவியிடம் கடைசியாகத்தான் வந்தார்.

கஸ்தூரிபா விடவில்லை. வரப்போகிற மருமகள்களுக்கு நகை வேண்டாமா, என் நெக்லஸில் உங்களுக்கு என்ன உரிமை என்று கேட்டார். அது உன் சேவைக்குக் கொடுத்ததா, என் சேவைக்குக் கொடுத்ததா என்று மடக்கினார் காந்தி. அதற்குக் கஸ்தூரிபா சொன்ன பதிலின் சாரம் இதுதான்: நீங்கள் செய்த சேவையில் எனக்கும் பங்கு உண்டு, ராப்பகலாக உங்களுக்காக உழைத்தேனே, அது சேவையில் சேராதா?

நகை திரும்பிப் போனது. பொதுக் காரியத்துக்கான அறக்கட்டளையில் சேர்ந்தது. அந்த முடிவுக்காகத் தான் வருந்தியதே இல்லை என்றும், பிற்பாடு கஸ்தூரிபாவும் அதன் நியாயத்தை உணர்ந்தார் என்றும் காந்தி எழுதுகிறார். நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால், கணவனின் கொள்கைக்குக் கழற்றப்பட்டது மனைவியின் கழுத்து நகை. அரிச்சந்திரன் நாடகத்தின் அதே காட்சிதான். ஒரே ஒரு வித்தியாசம், இந்தச் சந்திரமதி வாயைத் திறந்து கேட்டார்.

கோர்ட் சொன்ன பதில்

கஸ்தூரிபா கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் நம் நீதிமன்றங்கள் பதில் சொல்ல நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

'என் நகையில் உங்களுக்கு என்ன உரிமை?' 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது கேரளத்துப் பெண் ஒருவரின் வழக்கு. கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் போட்டது 89 சவரன். முதல் ராத்திரியன்றே, பத்திரமாக வைக்கிறேன் என்று கணவர் வாங்கித் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டார், அது அவர்கள் பழைய கடனை அடைக்கப் போய்விட்டது என்பது மனைவியின் புகார். ஸ்ரீதனம் முழுக்க முழுக்க மனைவியின் சொத்து, அதில் கணவனுக்கு எந்த ஆளுகையும் கிடையாது, கஷ்ட காலத்தில் எடுத்துப் பயன்படுத்தினாலும் திருப்பித் தர வேண்டியது கடமை என்று சொன்ன நீதிமன்றம், 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது.

'ராப்பகலாக உழைத்தேனே, அது சேராதா?' 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சேரும் என்றது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து வாங்கிய சொத்து பற்றிய வழக்கு அது. மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் இல்லத்தரசிக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பு வந்தது.

மனைவி கணவனின் உடைமை என்ற எண்ணம் சட்டப் புத்தகத்திலேயே வெகுகாலம் உட்கார்ந்திருந்தது. 1860-ம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவு, ஒருவரின் மனைவியோடு இன்னொருவர் உறவு வைத்தால் குற்றம் என்றது. கணவர் சம்மதித்திருந்தால் அது அந்தப் பிரிவின்படி குற்றமே இல்லை! மனைவியின் விருப்பத்தைப் பற்றிப் பேச்சே கிடையாது. 2018 செப்டம்பர் 27 அன்றுதான் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மனைவிக்குக் கணவன் எஜமானன் கிடையாது என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொன்னது.

சட்டம் போனாலும் பழக்கம் போவதில்லை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்த பெண் ஒருவரிடம் கணவரின் கையெழுத்து கேட்கப்பட்டது. அவர்களுக்குள் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கல்யாணம் ஆனதால் ஒரு பெண் தன் அடையாளத்தை இழந்துவிடுவதில்லை என்றும், கணவரின் அனுமதியோ கையெழுத்தோ தேவையில்லை என்றும் சொன்னார். மனைவியைக் கணவனின் உடைமைபோல நடத்தும் மனப்பான்மையையும் கண்டித்தார்.

காசித் தெரு எங்கே இருக்கிறது?

இன்று யாரும் மனைவியைத் தெருவில் நிறுத்தி விலை கூறுவதில்லை. ஆனால், தொழில் நொடித்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது யாருடைய நகை? தங்கைக்குச் சீர், நண்பனுக்கு ஜாமீன், சீட்டுப் பணம் என்று கணவர் வெளியே கொடுத்த வாக்குக்கு வீட்டில் கழற்றப்படுவது யாருடைய வளையல்? மகளிர் குழுக் கடன் மனைவி பெயரில்தான் இருக்கும், பணம் எங்கே போனது என்று பல வீடுகளில் அவருக்கே தெரியாது. வீட்டுக் கடன் பத்திரத்தில் எத்தனையோ பெண்கள் படித்துப் பார்க்காமலேயே, 'கோ-அப்ளிகன்ட்' என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இதில் பெரும்பாலான கணவர்கள் கெட்டவர்கள் இல்லை. அரிச்சந்திரனைப் போல நல்லவர்கள்தாம். 'குடும்பத்துக்காகத்தானே' என்று மனசாரச் சொல்பவர்கள்தாம். 'என்ன பண்ணட்டும்?' என்று மனைவியைக் கேட்காமல், 'இப்படிப் பண்ணப் போறேன், கழற்றிக் கொடு' என்று முடித்துவிடுவதில்தான் அதிகாரம் ஒளிந்திருக்கிறது. கூட உட்கார்ந்து கணக்குப் பார்த்து எடுத்த முடிவில் நகை அடகுக்குப் போனால் அது குடும்பம் சேர்ந்து சுமக்கும் பாரம். முடிவெடுத்துவிட்டு வந்து கேட்டால், அங்கே நிற்பது சந்திரமதிதான்.

கை நீட்டும் வீடுகள் தனிக் கணக்கு. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 38 சதவிகிதம் பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள்.

2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, மனைவியின் ஸ்ரீதனத்தை விற்பது, அவருக்கு உரிமையுள்ள சொத்தைக் கைமாற்றுவது போன்றவற்றைப் 'பொருளாதார வன்முறை' என்கிறது. இதற்காக மாவட்டங்களில் பாதுகாப்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். உதவிக்கு 181 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. கல்யாண நகை பில், போட்டோ, அடகு ரசீது எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைத்துக்கொள்வது சண்டைக்கான ஏற்பாடு கிடையாது. ரேஷன் கார்டைப் பத்திரப்படுத்துகிற மாதிரிதான்.

அடுத்த முறை ஊர்த் திருவிழாவிலோ போனிலோ மயான காண்டம் பார்க்கும்போது, குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். தாலியை விற்று வா என்று அரிச்சந்திரன் சொல்லும் இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, பக்கத்தில் இருக்கும் அம்மாவையோ மனைவியையோ கேளுங்கள்: "நீங்க சந்திரமதியா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.